எலுமிச்சை சொன்ன பாடம்

முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை



"வேதியியல் படிச்சிட்டு கப்பல்ல மது கலக்கப் போனவர்" என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். உண்மைதான். குடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை, கலப்பதுதான் தொழில். அதில் நான் பட்ட ஓர் அடியை மட்டும் சொல்லி அமர்கிறேன்.

1994-இல் மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குச் செல்லும் ஒரு பயணக் கப்பலில் மதுக்கூட உதவியாளனாகச் சேர்ந்தேன். அங்கே பிழிந்தது டஹிட்டி எலுமிச்சை. பெரிய பழம், பச்சை நிறம், விதை கிடையாது. முன்பு தென் ஃபுளோரிடாவில் சின்ன எலுமிச்சைத் தோப்புகள் இருந்தன. 1926 புயலில் அவை அழிந்த பிறகு டஹிட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் சரக்கு தீர்ந்து, ஒரு தீவுச் சந்தையில் சின்னப் பழம் வாங்கி வந்தார்கள். மெல்லிய தோல், நிறைய விதை, மூக்கைத் துளைக்கும் வாசனை. அட, நம்ம ஊர் எலுமிச்சை! அதே இனம்தான், ஸ்பானியர் கொண்டுபோய் அத்தீவுகளில் நட்டது.

எனக்கோ ஒரே குஷி. ரம், எலுமிச்சை, சர்க்கரை சேர்ந்த டைக்கிரிக்குக் குறிப்பில் "ஒரு பழம்" என்றிருந்தது. சின்னதாச்சே என்று கண்ணளவில் மூன்று பழம், சொட்டு விடாமல் நசுக்கிப் பிழிந்தேன். போன கோப்பையெல்லாம் திரும்பி வந்தன. ஒரே புளிப்பு, கசப்பு! "இன்னொரு தடவை இப்படி நடந்தா அடுத்த துறைமுகத்துல இறங்கிக்கோ" என்றார் மேற்பார்வையாளர். ஊரில் தங்கை கல்யாணக் கடன். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அப்போது நம் ஆய்வகம் நினைவுக்கு வந்தது. "கண்ணை நம்பாதே, பியூரெட்டை நம்பு" என்று திட்டு வாங்கியிருக்கிறோமே! எழுந்து போய் அளந்து பார்த்தேன். பெரிய பழத்தில் சுமார் 30 மில்லி சாறு. சின்னதில் அதில் பாதி. ஆனால் புளிப்பு சின்னதில்தான் அதிகம். அதனால் 60 மில்லி ரம்முக்கு டஹிட்டி என்றால் 25 மில்லி, சின்னது என்றால் 20-இல் தொடங்கி, ருசி பார்த்து ஏற்றணும். கசப்பு வந்தது தோலை நசுக்கியதால்.

பழத்தின் மேல் குற்றமில்லை. டைக்கிரி பிறந்த கியூபாவில் நாட்டு எலுமிச்சை என்பதே இந்தச் சின்னப் பழம்தான். குற்றம் என் கண்ணளவில்.

தம்பி தங்கைகளே, சர்பத் போட்டாலும் இதுதான் கணக்கு. தோல் வழவழப்பாக, கைக்குக் கனமாக இருக்கும் பழமாகப் பாருங்கள். அன்றன்று பிழியுங்கள். பிழிந்த கையோடு வெயிலில் நிற்காதீர்கள், தோல் வெந்து கறுத்துவிடும். பழத்தை எண்ணாதீர்கள், சாற்றை அளங்கள்.

அந்தக் கப்பலில் மேலும் ஆறு ஆண்டு இருந்தேன். தங்கை கல்யாணக் கடனும் அடைந்தது. அளக்கக் கற்றுக்கொடுத்த இந்தக் கல்லூரிக்கு நன்றி.