குரலைத் தாழ்த்தாதீர்கள்



தத்துப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நம் ஊரில் விருந்தாளி வந்தால், காபி ஆறுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். பிள்ளை அடுப்படிப் பக்கம் போகிற சமயம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்குத் தெரியுமா?" என்பார்கள். கேட்கிறவர் நல்ல மனசோடுதான் கேட்கிறார். ஆனால் பிள்ளைகளுக்குக் காது கூர்மை. உரக்கப் பேசுவதை விட்டுவிடும். தாழ்ந்த குரலைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குரலைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

என் தம்பிக்கு ஒரு மகன். அடுத்து, தத்தெடுத்த மகள், வயது ஆறு. ராத்திரி ஜெபத்தில் ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்ல வேண்டும். இவள் கணக்குப் பரீட்சை, ஆட்டுக்குட்டியின் நொண்டிக் கால், மழை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "என்னைப் பெத்த அம்மாவுக்குக் காய்ச்சல் வரக் கூடாது" என்று முடிப்பாள். ஆமென் சொன்ன கையோடு அண்ணனோடு பாலாடைக்குச் சண்டை. யார் கை முந்துகிறதோ அவருக்குத்தான் ஆடை. பெரும்பாலும் இவள் கைதான் முந்தும்.

இப்படி வெளிப்படையாக வளர்ப்பது நமக்குப் புதிதில்லை. தெற்கே தோனாவூரைப் பாருங்கள். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். 1951-ல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். 1901 மார்ச்சில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா தப்பிவந்து, பண்ணைவிளையில் அவரிடம் சேர்ந்தாள். பிறகு இன்னொன்று, பிறகு இன்னும் பல. ஊர்ப் பயணம் நின்றது, தோனாவூரில் பிள்ளைகள் இல்லம் எழுந்தது. பால் காய்ச்சவும் நகம் வெட்டவும் ஆள் வேண்டுமே! பிள்ளைகள் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள். மதம் மாற்றத்தான் செய்தார் என்ற விமரிசனம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்த வாதம் வேறொரு மேடைக்கு. அவ்வளவு பெரிய இல்லத்தைக் குடும்பம் என்று சொல்ல எனக்கே தயக்கம்தான். ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆகவே வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். வந்த நாளைப் பூ வைத்துக் கொண்டாடுகிற வீட்டில், வந்த கதையை எங்கே போய் ஒளிப்பது?

நாம் ஒளித்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1956-ல் வந்த தத்துச் சட்டம் இந்துக்களுக்கு. அந்நாளில் கிறிஸ்தவக் குடும்பம் கோர்ட்டுப் படி ஏறினால், 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் என்று ஓர் உத்தரவு கிடைக்கும். சோறு போடலாம், படிக்க வைக்கலாம், அப்பா என்று எழுத முடியாது! பிள்ளை மேஜரானால் காகிதத்தில் உறவு முடிந்தது. சொத்துக்கு உயில் எழுத வேண்டும். 2000-ல் வந்த இளைஞர் நீதிச் சட்டமும் 2006-ல் செய்த திருத்தமும் வழி திறந்தன. எந்த மதத்தவரும் அதன்படி தத்தெடுக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஷப்னம் ஹாஷ்மி என்ற தாய் போட்ட வழக்கு அது. 2022 செப்டம்பர் முதல் கலெக்டரே தத்தெடுப்பு ஆணை தருகிறார். என் தம்பி வீட்டு பீரோவில் அந்த ஆணை பத்திரமாக இருக்கிறது.

காகிதம் சரியாகிவிட்டது. வாய்தான் பாக்கி. மோசேயைப் பார்வோன் மகள் வளர்த்ததையும் எஸ்தரை மொர்தெகாய் வளர்த்ததையும் ஒலிபெருக்கி வைத்துப் பிரசங்கிக்கிறோம். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது குரல் இறங்கிவிடுகிறது.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி, 2001-ல் நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் வந்தது. எதற்காக வந்தது என்று பெண் பிள்ளை பெற்ற யாருக்கும் இங்கே விளக்க வேண்டியதில்லை. அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைகளுக்கு இன்று இருபது வயதுக்கு மேல். அவர்களில் ஒருவர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். கிசுகிசுக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். குடும்ப மரம் வரையச் சொல்லும்போது, யார் சாயல் என்று மட்டும் கேட்காதீர்கள். யார் தலை பின்னிவிடுகிறார்கள், யாரோடு சண்டை என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளையிடம், "மூக்கு யார் மாதிரி?" என்று வகுப்பில் கேட்டார்களாம். "மூக்கு தெரியாது டீச்சர். கோவம் மட்டும் எங்க அத்தை மாதிரி" என்றாளாம்.

மறுக்க முடியவில்லை.