கண்ணாடிப் பேழைக்குள் உலகம்



நம் பாகான் செராயிலிருந்து பேருந்து ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது தைப்பிங். அங்கே சிறைச்சாலைக்கு எதிரே நிற்கும் பேராக் அருங்காட்சியகம் 1883ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. நம் நாட்டிலேயே மிகப் பழைய அருங்காட்சியகம் அதுதான். நம்மில் பலர் பிள்ளைகளை ஏரிப் பூங்காவுக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் அழைத்துப் போகிறோம். இந்தப் படியை மட்டும் மிதிப்பதில்லை. பழைய சட்டி பானையைப் பார்க்கவா பஸ்சுக்குக் காசு கொடுப்பது என்று கேட்கிறோம். அந்தச் சட்டி பானையை அங்கே தேர்ந்து வைப்பது எப்படி, அதில் நமக்கு என்ன பங்கு என்பதை இன்று சிந்திப்போம்.

பல நாட்டுக் கலைப்பொருள்களை ஒரே கூடத்தில் வைக்க வேண்டிய காப்பாளருக்கு முதலில் எழும் கேள்வி, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பது. நாடு நாடாகப் பிரித்து வைக்கலாம். அல்லது துணி, உலோகம், மண்பாண்டம் என்று வகை வகையாகவும் வைக்கலாம். கோலாலம்பூரில் 1998இல் திறக்கப்பெற்ற இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இவ்விரண்டு முறைகளையுமே காணலாம். இந்தியா, சீனா, மலாய் உலகம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கூடங்கள் இருக்கின்றன. துணிமணிகளுக்கும் நாணயங்களுக்கும் நகைகளுக்கும் வேறு கூடங்கள் இருக்கின்றன.

வைக்கும் முறை மாறினால் பொருள் சொல்லும் கதையும் மாறும். சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய பருத்தித் துணி, பல நூற்றாண்டுகள் கப்பலேறித் தென்கிழக்காசியத் தீவுகளுக்கு வந்தது. அந்தத் துணிகள் பலவற்றின் முனைகளில் வரிசையாக முக்கோணங்கள் இருக்கும். தீவு மக்கள் விரும்பிக் கேட்ட கோலம் அது. அவர்கள் மனமறிந்து நம் பக்கத்துத் தொழிலாளி வரைந்து கொடுத்தான். அந்தத் துணியை இந்தியக் கூடத்தில் வைத்தால், இது இந்தியத் துணி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். மலாய்க்காரரின் பாத்தேக் துணிக்குப் பக்கத்தில் வைத்தால், இரு கரை மக்களும் ஒருவர் சுவையை ஒருவர் அறிந்து வாழ்ந்தது விளங்கும்.

அடுத்த கேள்வி, பொருளை அதன் வாழ்விலிருந்து பிரிப்பது பற்றியது. கோயிலில் உற்சவ மூர்த்தி பட்டும் மாலையும் அணிந்து, மேளத்தோடு தெருவில் வருவார். அருங்காட்சியகத்தில் அதே வெண்கலத் திருமேனி அலங்காரமின்றி நிற்கும். சிற்பியின் கைத்திறன் அங்கே நன்றாகத் தெரியும்; பக்தனின் உறவு தெரியாது. ஆகையால்தான் இது யாருடையது, எதற்குப் பயன்பட்டது, எங்கே கிடைத்தது என்று ஒரு சிறு அட்டை எழுதி வைக்கிறார்கள். அந்த அட்டை இல்லாவிட்டால் பொருள் ஊமையாகிவிடும்.

நம் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. மாத்தாங் சதுப்புக் காட்டுக் கரையில் கோலா செலின்சிங் என்னும் இடத்தை, பேராக் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ஐவர் எவன்ஸ் 1928இலும் 1932இலும் அகழ்ந்தார். மணிகளும் பானை ஓடுகளும் கிடைத்த அவ்விடத்தில், பண்டைத் தென்னிந்திய எழுத்தில் விஷ்ணுவர்மன் என்ற பெயர் பொறித்த சிவப்புக் கல் முத்திரை ஒன்றும் கிடைத்தது. 1936இல் பீடோர் ஈயச் சுரங்கத்திலிருந்து எட்டுக் கரங்களையுடைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை வெளிப்பட்டது. கிடைத்த இடத்தை ஒருவர் எழுதி வைத்ததால்தான், கப்பலேறி வந்த நாகரிகம் பேராக் மண்ணில் கால் வைத்ததை இன்று நாம் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர் உழைத்தனர். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் பட்டணம் போயின. பால் வெட்டிய உளி, மங்கு, காண்டாக் கம்பு, ஊரிலிருந்து கொண்டு வந்த பித்தளைச் செம்பு, மாரியம்மன் திருவிழாவில் அடித்த உடுக்கை ஆகியவை எங்கே? பல, பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போய்விட்டன. நாளைக்கு ஒரு காப்பாளர் இந்நாட்டு மக்களின் கைவண்ணங்களை வரிசைப்படுத்தும்போது, மலாய்க்காரரின் கிரிசுக்கும் பூர்வகுடி மக்களின் பின்னல் கூடைக்கும் பக்கத்தில் வைக்க நம்மிடம் என்ன இருக்கும்? கொடுக்க ஒன்றுமில்லையென்றால், வெற்றிடத்துக்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. மிஞ்சியிருக்கும் ஒரு பொருளை எடுங்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். கைபட்ட தேய்மானமும் அதன் வரலாறுதான். வீட்டுப் பெரியவரைக் கேட்டு, இதன் பெயர் என்ன, யார் பயன்படுத்தியது, எந்தத் தோட்டத்தில், எந்தக் காலத்தில் என்று நான்கு வரி எழுதிப் பக்கத்தில் வையுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதட்டும், பாட்டி சொல்லட்டும். பாட்டியின் நினைவு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

திறந்திருக்கும் நாளைக் கேட்டறிந்து, ஒரு விடுமுறையில் தைப்பிங் போய் வாருங்கள். ஒவ்வொரு பேழையின் முன்னும் நின்று, இது யாருடைய கை செய்தது, இதன் பக்கத்தில் வேறு எதை வைக்கலாம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு, நம் தாத்தாவின் உளியை வைக்கலாமே என்று ஒரு பிள்ளையாவது சொல்லட்டும்.