முகலன் வாளை எடுக்கும் பக்கம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், சீகிரியாவில் ஆற்றிய உரை)



காலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் ஏறி இறங்கியவர்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார வைத்து நீண்ட நேரம் பேசுவது எந்த வைத்தியரும் சொல்லாத சிகிச்சை. அதனால் சுருக்கமாகவே பேசுகிறோம். நாங்கள் என்பது 1998ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு முழுவதும்தான். ஒலிவாங்கி ஒருத்தியின் கையில் இருந்தாலும், இங்கே சொல்லப்போவதைப் போன வாரம் இரவிரவாகத் தொலைபேசியில் சண்டை பிடித்துத் தீர்மானித்தது எல்லோரும் சேர்ந்துதான்.

நாடக மன்றத்துத் தங்கைமார் நூற்றாண்டு விழாவுக்குக் காசியப்பன் கதையை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பிரதியை எங்களுக்கு அனுப்பி ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்கள். "எங்கள் கதாநாயகன் வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் வாளை எடுக்க வேண்டும். ஆனால் நாடகம் விறுவிறுப்பாகவும் இருக்க வேண்டும். எப்படி எழுதுவது?"

இதே கதையை 1995இல், தரம் 11இல் இருந்தபோது, தமிழ்த்தினப் போட்டிக்காக நாங்களும் எழுதினோம். பாட்ஷா படம் வந்த வருஷம் அது. மீசை வரைந்த முகலனும் தாடி ஒட்டிய காசியப்பனும் மூங்கில் வாளோடு மோதியதில் காசியப்பனுக்குப் புருவம் கிழிந்து மூன்று தையல். மறுநாள் தமிழ் டீச்சர் எங்களை ஏசவில்லை. பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சண்டைக்கு முன்னால் இந்த முகலன் என்னதான் செய்துகொண்டிருந்தான்?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பதினெட்டு வருஷத்தை அறிவிப்பாளரின் ஒரே வரியில் முடித்திருந்தோம்.

சூளவம்சம் சொல்லும் கதையைச் சற்று ஆறுதலாகப் பாருங்கள். தாதுசேன மன்னன் கலாவாவியைக் கட்டியவன். அவனுடைய மகளைத் தங்கை மகனான சேனாதிபதி மிகாரனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான். மிகாரன் குற்றமில்லாத அந்தப் பெண்ணைச் சவுக்கால் அடித்தான். மகளின் ஆடையில் இரத்தத்தைக் கண்ட அரசன் என்ன செய்தான்? மருமகனைக் கூப்பிட்டு விசாரித்தானா? மிகாரனின் தாயை, தன் சொந்தச் சகோதரியை, எரித்துக் கொன்றான். அவனுக்கு அதுதான் முதல் வழியாகத் தோன்றியது. பழிவாங்கக் காத்திருந்த மிகாரன் காசியப்பனைத் தூண்டிவிட்டான். தகப்பன் சிறைப்பட்டான், புதையல் எங்கே என்று கேட்டபோது கலாவாவித் தண்ணீரைக் காட்டினான், கடைசியில் சுவரோடு வைத்துப் பூசிக் கொல்லப்பட்டான். தம்பி முகலனையும் கொல்ல ஆள் அனுப்பப்பட்டது. அவன் தப்பி இந்தியாவுக்குப் போனான். காசியப்பன் பயந்து இந்தக் குன்றின் உச்சிக்கு ஏறினான். கி.பி. 477 முதல் 495 வரை அவனுடைய ஆட்சி. காலையில் நீங்கள் படம் பிடித்த சிங்கப் பாதமும் சித்திரப் பெண்களும் நீர்த் தடாகங்களும் ஒரு தகப்பனின் அவசரத்திலிருந்து தொடங்கியவை என்று சொன்னால், வழிகாட்டிகள் எங்களோடு கோபிக்கக்கூடும்.

இனிக் கேள்விக்கு வருவோம். கதாநாயகன் பொறுமைசாலி என்று காட்ட நம்முடைய சினிமாவுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. வில்லன்தான் முதலில் அடிப்பான். கண்டிப் பக்கத்தில் பிறந்தவர் என்று எங்கள் அப்பாமார் உரிமை கொண்டாடிய எம்.ஜி.ஆர். உதட்டு இரத்தத்தைத் துடைத்து, ஒரு சிரிப்புச் சிரித்து, அதற்குப் பிறகுதான் கையை ஓங்குவார். பாட்ஷாவில் கம்பத்தில் கட்டி அடிக்கும்போதும் மாணிக்கம் பேசாமல் நிற்பான். தங்கைக்கு ஒன்று என்றதும்தான் அந்த அடி விழும். நாங்கள் கதிரையில் ஏறி நின்று விசிலடித்தோம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொறுமையை நாங்கள் ரசித்தோமா, அல்லது அடி எப்போது விழும் என்று காத்திருந்தோமா? வெடியின் திரி நீளமாக இருந்தால் வெடிக்கும்போது சந்தோஷம் கூட, அவ்வளவுதான். அதைக் கடைசி வழி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வகுப்பில் வைத்தியரானவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் நிறைய இரவுகள் கழித்திருக்கிறோம். வெட்டுக் காயத்தோடு ஒருவன் வருவான், அவனை வெட்டியவனும் கையில் காயத்தோடு அடுத்த கட்டிலுக்கு வருவான். இருவரும் சொல்வது ஒன்றுதான். "அவன்தான் முதல்ல அடிச்சான், டொக்டர்." நான்தான் தொடங்கினேன் என்று சொன்ன ஒருவனை இன்னும் நாங்கள் சந்திக்கவில்லை. நாங்கள் யுத்த காலத்தில் வளர்ந்த பிள்ளைகள். சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துதான் பிரத்தியேக வகுப்புக்குப் போனோம். அந்த வருஷங்களில் இரண்டு பக்கத்து வானொலியிலும் கேட்டது இதே வசனம்தான்.

அதனால், யார் முதலில் அடித்தது என்பதை விட்டுவிட்டு, அடிப்பதற்கு முன் எந்தெந்தக் கதவைத் தட்டினான் என்று எழுதுங்கள். கந்தபுராணத்தில் சூரனோடு பெரும்போர் மூளுமுன் வீரவாகு தூது போகிறான். சிறையிலுள்ள தேவர்களை விட்டுவிட்டால் போதும் என்பதுதான் செய்தி. அந்தச் சபைக் காட்சியில் ஒரு வேல்கூடப் பறக்க வேண்டியதில்லை, ஆனாலும் நெஞ்சு படபடக்கும். சூரன் சம்மதித்துவிட்டால் கதையே மாறிவிடும் அல்லவா? விறுவிறுப்பு அங்கேதான் இருக்கிறது. கதவு திறக்கவும் கூடும் என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். திறக்காது என்று முதலே தெரிந்த கதவை மூன்று தடவை தட்டுவதில் பயனில்லை.

சலரோகத்தால் கால் அழுகி வருபவரிடம் காலை எடுக்க வேண்டும் என்று வந்த அன்றே சொல்வதில்லை. இரத்த ஓட்டம் பார்ப்போம், அழுகிய தசையை மட்டும் வெட்டிச் சுத்தம் செய்வோம், மருந்து கட்டுவோம், சீனியைக் குறைப்போம். கிருமி இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்து என்றானால்தான் கையொப்பம் கேட்போம். அப்படியும் எந்த இடத்தில் வெட்டுவது என்று முதலே குறித்துவிடுவோம். கத்தி கையில் இருக்கிறது என்பதற்காக ஓர் அங்குலம் கூட மேலே போவதில்லை. சத்திரசிகிச்சை முடிந்து முகம் கழுவும்போது எவரும் வென்றுவிட்டதாக நினைப்பதும் இல்லை.

இந்த நிறுத்தும் இடத்தில்தான் முகலன் சறுக்குகிறான். போர்க்களத்தில் அவன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காசியப்பனின் யானை முன்னால் சேற்று நிலத்தைக் கண்டு ஒதுங்கித் திரும்பியது. அரசன் ஓடுகிறான் என்று நினைத்துப் படை கலைந்தது. தனித்து நின்ற காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். அண்ணனுக்கு ஈமக்கிரியை செய்தான் தம்பி. அந்த இடத்தில் திரை விழுந்திருந்தால் முகலன் உங்கள் கதாநாயகன்தான். ஆனால் அடுத்து அவன் தகப்பனைக் கொன்றவன் பக்கம் நின்றவர்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதானிகளைக் கொன்றான், இன்னும் பலருடைய காது மூக்கை அறுத்து நாடு கடத்தினான். மக்கள் அவனுக்கு வைத்த பெயர் இராட்சதன். எதிர்த்து நிற்க ஆளில்லாத நேரத்தில் எடுத்த வாளுக்கு எந்தக் காரணமும் பொருந்தாது. சூரனை வேல் பிளந்த பிறகு முருகன் அவனை மயிலாகவும் சேவலாகவும் தன்னோடு வைத்துக்கொண்டதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

தங்கைமாரே, உங்கள் பிரதியில் முகலன் வாளை எடுப்பது பதினான்காம் பக்கத்தில். நாடகம் பதினாறாம் பக்கத்தில், முடிசூட்டலோடு முடிகிறது. எங்களைக் கேட்டால், பதினேழாம் பக்கம் ஒன்று வேண்டும். பிரதானிகள் கைகட்டி வரிசையில் நிற்கிறார்கள், வாள் இன்னும் அவன் கையில் இருக்கிறது. அங்கே அவன் என்ன செய்தான் என்பது சூளவம்சத்தில் உண்டு. என்ன செய்திருக்கலாம் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். இரண்டையும் மேடையில் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

ஒத்திகைக்கு மூங்கில் வேண்டாம், ரெஜிபோம் வாள் போதும். எங்கள் காசியப்பன் இப்போது கனடாவில் இருக்கிறாள். புருவத் தழும்பு அப்படியே இருக்கிறது. இந்த மலர் அவளுக்கும் போகும். அன்று அந்த மூங்கிலைப் பிடித்திருந்த கைதான் இன்று இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறது. முப்பது வருஷமாகக் கேட்காத மன்னிப்பை இங்கே, எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறோம்.