பதினொரு பெயர் தாங்கிய கலம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கப் பெண்பாற் புலவர்களைப் பற்றி இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். நானும் இசைந்தேன். குறிப்பெடுக்க அமர்ந்தபோது மனம் வேறொரு வழியில் சென்றுவிட்டது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்னும் பெயர்களில் நின்றுவிட்டேன். இயற்பெயர் தெரியாத நிலையில், அவர்கள் பாடிய பாட்டின் தொடரையே எடுத்துப் பெயராகச் சூட்டினர் முன்னோர். பெற்றோர் இட்ட பெயர் போயிற்று. செய்த செயல் பெயராக நின்றது. இவ்வகைப் பெயர் எல்லார்க்கும் இப்படி நன்மையாகவே வாய்க்குமா என்ற வினா எழுந்தது. அவ்வினாவுக்கு விடையாக என் நினைவில் வந்தது புலவர் அல்லர்; ஒரு கப்பல். எனவே இன்று பெண்பாற் புலவர்களை விடுத்துக் கப்பலைப் பற்றிப் பேசுகின்றேன். செயலாளர் பொறுத்தருள வேண்டும். ஐரோப்பிய மாலுமிகள் பலர் கப்பலைப் பெண்பாலாகச் சுட்டுவர் என்பதால் தலைப்பிலிருந்து முற்றிலும் விலகிவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. நம் இலக்கணத்தில் கப்பல் அஃறிணை. அவர்கள் பெண்ணாகக் கருதியதாலோ என்னவோ, உரியவர் மாறும்போதெல்லாம் அதன் பெயரையும் மாற்றிவிடுகின்றனர்!

சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் 1946-ஆம் ஆண்டு ஒரு பயணிகள் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. 1948 பிப்ரவரியில் நியூயார்க் நோக்கித் தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. நீளம் 160 மீட்டர். மொத்தக் கொள்ளளவு 12,165 டன். அட்லாண்டிக் கடலைக் கடந்த அக்காலப் பெருங்கப்பல்களின் நடுவே இது சிறியதே. வடகடலின் பனிக்கட்டிகளைக் கருதி இதன் முன்முனையை வலுவாக அமைத்திருந்தனர். நம் நெய்தல் நில மக்கள் அம்முனையை அணியம் என்பர். இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

கப்பலுக்கு இட்ட பெயர் ஸ்டாக்ஹோம். பிறந்த ஊரும் தாய்த்துறையும் கோத்தன்பர்க். பெயர் மட்டும் தலைநகருடையது. அப்பெயருக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. அந்நிறுவனம் 1915-இல் வாங்கிய முதற்கப்பல் போட்ஸ்டாம் என்னும் பெயருடைய பழைய கப்பல். அதற்குத்தான் முதன்முதலில் ஸ்டாக்ஹோம் எனப் பெயரிட்டனர். பின்னர் இத்தாலியின் மோன்பால்கோனே தளத்தில் அதே பெயரில் ஒரு பெரிய கப்பலைக் கட்டச் செய்தனர். அது கட்டி முடிவதற்குள் 1938-இல் தீக்கிரையாயிற்று. மீண்டும் கட்டினர். போர் வந்தது; இத்தாலிய அரசு அதனை எடுத்துக்கொண்டு சபௌதியா எனப் பெயர் மாற்றியது; அதுவும் குண்டுவீச்சில் அழிந்தது. இத்தாலியில் இருமுறை உடல் தேடிக் கிடைக்காத ஒரு பெயர், கடைசியில் சொந்த ஊரில் சிறிய உடலொன்றில் புகுந்தது என்றே சொல்லலாம். இத்தாலி இக்கதையில் மீண்டும் வரும்.

1956 சூலை 25 இரவு. அன்று நண்பகலில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஸ்டாக்ஹோம் கிழக்கு நோக்கி வருகின்றது. செனோவா நகரிலிருந்து வந்த ஆந்திரேயா டோரியா என்னும் இத்தாலியக் கப்பல் மேற்கு நோக்கிச் செல்கின்றது. அது 29,083 டன் கொண்டது, இத்தாலியின் பெருமிதம். மறுநாள் காலை நியூயார்க் சேர வேண்டும். நாண்டகெட் தீவுக்குத் தெற்கே மூடுபனி. இரு கப்பல்களும் ராடார் திரையில் ஒன்றையொன்று கண்டன. கண்டும் ஒன்று இடப்புறம் திரும்பியது, மற்றொன்று வலப்புறம் திரும்பியது. விலகுவதாக எண்ணி இரண்டும் நெருங்கின. இரவு 11 மணிக்குச் சற்றுப் பின்னர் ஸ்டாக்ஹோமின் அணியம் ஆந்திரேயா டோரியாவின் விலாவில் ஆழமாகப் பாய்ந்தது.

இத்தாலியக் கப்பலில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தன் தங்கையுடன் ஓர் அறையில் உறங்கிக்கொண்டிருந்தாள். தங்கை இறந்தாள். இவளோ படுக்கையிலிருந்து தூக்கப்பட்டு, நசுங்கிய சுவீடியக் கப்பலின் அணியத்தின்மேல் உயிரோடு கிடந்தாள். தான் ஏறாத கப்பலில் விழித்தெழுந்த அச்சிறுமியை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சொல் நின்றுவிடுகின்றது. கவிஞர்களாகிய நீங்கள்தாம் அதனைச் சொல்ல வேண்டும்.

ஆந்திரேயா டோரியா ஒருபுறம் சாய்ந்தது. உயிர்காப்புப் படகுகளில் பாதியைக் கீழே இறக்க முடியவில்லை. ஐல் த பிரான்சு என்னும் பிரெஞ்சுக் கப்பல் தன் வழியிலிருந்து திரும்பி வந்து 753 பேரைக் காத்தது. பதினொரு மணி நேரத்திற்குப் பின், மறுநாள் காலை, ஆந்திரேயா டோரியா மூழ்கியது. அதில் வந்தோருள் 46 பேரும், ஸ்டாக்ஹோமின் பணியாளர் ஐவரும் மாண்டனர்.

ஈண்டுப் பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அணியம் நொறுங்கிய நிலையிலும் ஸ்டாக்ஹோம் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. தன் படகுகளை இறக்கி, தான் பிளந்த கப்பலிலிருந்தே 500 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு நியூயார்க் சேர்ந்தது. குற்றம் யாருடையது? விசாரணை தொடங்கியது, 1957-இன் தொடக்கத்தில் இரு நிறுவனங்களும் நீதிமன்றத்திற்கு வெளியே உடன்பாடு செய்துகொண்டன. இன்னார் பிழை எனத் தீர்ப்பு எழுதப்படவே இல்லை. ஆயினும் உலகம் தீர்ப்பு எழுதிவிட்டது: ஸ்டாக்ஹோம் என்றால் மோதிய கப்பல்.

நொறுங்கிய அணியத்தை புரூக்ளின் தளத்தில் அறுத்தெடுத்துப் புதியது பொருத்தினர். அவ்வாண்டு டிசம்பரிலேயே கப்பல் பணிக்குத் திரும்பியது.

1960-இல் கிழக்கு ஜெர்மனி இதனை விலைக்கு வாங்கியது. புதிய பெயர் ஃபோல்கர்ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட். மக்களினங்களின் நட்புறவு என்பது பொருள். நன்னூல் வழிப்படுத்திச் சொன்னால் ஸ்டாக்ஹோம் இடுகுறிபோல் வந்தது. இது காரணப்பெயராக இட்டது. தொழிற்சங்கத்தின் வழியே, சிறப்பாக உழைத்தவர்க்குப் பரிசாக இக்கப்பலில் விடுமுறைப் பயணம் தரப்பட்டது. நட்புறவுக் கப்பலில் வந்தவர் சிலர் நடுக்கடலில் குதித்து மேற்கு நாடுகளுக்குத் தப்பிய நிகழ்ச்சிகளும் உண்டு. 1962 அக்டோபரில் கியூபாவைச் சுற்றி அமெரிக்கா கடற்காவல் இட்டிருந்தபோது இக்கப்பல் ஹவானாவை நோக்கிச் சென்றது. உலகமே அணுப்போரை அஞ்சியிருந்த நாள்கள் அவை. பயணிகள் கப்பல் என்பதால் அதனைத் தடுக்காமல் விடுமாறு அதிபர் கென்னடி முடிவு செய்தார். அப்பெரிய பெயரின் கீழ் கால் நூற்றாண்டு ஓடியது. பதினொரு பெயர்களுள் நெடுநாள் நிலைத்தது அதுவே.

1985-இல் விற்றபோது வாங்கியவர்கள் பெயரின் பின்பகுதியை நீக்கி ஃபோல்கர் என வைத்தனர். நட்புறவு போய் மக்கள் மட்டும் எஞ்சினர். எழுத்தின் மேலிருந்த இரு புள்ளிகளையும் எடுத்துவிட்டதால் அதுவும் போய், ஜெர்மானிய ஆண்பெயர் ஒன்றாயிற்று!

அடுத்த பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நார்வேயின் ஆஸ்லோ துறைமுகத்தில் புகலிடம் தேடி வந்தோர் தங்கும் இல்லமாக இக்கப்பல் நின்றது. அப்போது இதற்கு ஃபிரித்யோஃப் நான்சென் எனப் பெயரிட்டனர். நான்சென் துருவப் பகுதிகளில் பயணம் செய்த அறிஞர். பின்னாளில் நாடுகளின் சங்கத்தின் சார்பில் அகதிகளுக்காக உழைத்தவர். நாடற்றோர்க்கு அவர் பெயராலேயே கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. 1922-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். கப்பல் நகரவில்லை, பெயர் மட்டும் பொருத்தமாக அமைந்தது. பெயரும் தொழிலும் ஒன்றிய காலம் இதன் வாழ்நாளில் இதுவொன்றே என்பது என் எண்ணம்.

1989-இல் இத்தாலிய நிறுவனம் ஒன்று இதனை வாங்கி, மாற்றிக் கட்டுவதற்காக இழுத்துச் சென்றது. எங்கே? செனோவாவுக்கு! ஆந்திரேயா டோரியா கட்டப்பட்ட ஊர், அதன் தாய்த்துறை, அப்பெயருக்குரிய பதினாறாம் நூற்றாண்டுக் கடற்படைத் தலைவனின் ஊர். மூன்று முறை பெயர் மாறி வந்த கப்பலை அவ்வூரார் ஒரே பார்வையில் அறிந்துகொண்டனர். இத்தாலியச் செய்தித்தாள்கள் அதனைச் சாவுக் கப்பல் என்று எழுதின.

அவர்கள் சினத்தை நான் குறை கூறவில்லை. இழந்தவர்க்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கண்ட அணியம் ஆந்திரேயா டோரியாவைப் பிளந்த அணியம் அன்று. அது முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே புரூக்ளினில் அறுத்தெறியப்பட்டது. மோதிய பெயரும் இல்லை, மோதிய உறுப்பும் இல்லை, செலுத்தியவர்களும் இல்லை. உரியவரும் வேறு, கொடியும் வேறு. எஞ்சியது எது? அதற்குப் பின்னர் பொறிகளையும் அறைகளையும் நீக்கிப் பழைய கூட்டின்மேல் புதிய கப்பலையே எழுப்பினர். இட்ட பெயரோ இத்தாலியா 1. பிறகு இத்தாலியா பிரிமா. இத்தாலியின் பெருமிதத்தை மூழ்கடித்தது என்று தூற்றப்பட்ட உடலுக்கு இத்தாலியின் பெயரே வந்து சேர்ந்தது.

பின்வந்த பெயர்களை விரைந்து சொல்லிவிடுகின்றேன்: வால்டூர் பிரிமா, கரிபே, அதீனா, அசோரஸ், அஸ்டோரியா. அதீனாவாக இருந்த 2008 டிசம்பரில் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையர் படகுகள் சூழ, பணியாளர் நீரைப் பீய்ச்சித் தடுத்தனர். நடத்தியவர்கள் நொடித்தபோது துறைமுகத்தில் முடக்கப்பட்டது, மீண்டும் விற்கப்பட்டது. 2020-இல் பெருந்தொற்று வந்தது, பயணம் நின்றது. ரோட்டர்டாமில் ஆண்டுக்கணக்கில் கட்டிக்கிடந்து, 2025-இல் உடைப்பதற்காக பெல்ஜியத்தின் கெண்ட் நகருக்குச் சென்றது.

கப்பல்களுக்கு ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. பெயர், கொடி, உரியவர் எது மாறினாலும் அவ்வெண் மாறாது. எனக்கு அவ்வெண்மேல் பொறாமை உண்டு. தந்தையின் தலைப்பெழுத்தோடு ஆய்வுக்குப் பதிந்து, கணவரின் தலைப்பெழுத்தோடு முனைவர் பட்டம் பெற்றவள் நான். ஆய்வடங்கல் ஒன்றில் என் கட்டுரைகள் இரு வேறு பெண்களுடையவையாகப் பதிவாகியுள்ளன. அவ்விருவருள் ஒருத்தி நன்றாக எழுதுகின்றாள் என்று என் மாணவி ஒருத்தி கூறினாள். எவள் என்று நான் கேட்கவில்லை.

கப்பலுக்கு வருகின்றேன். உரியவர் இட்ட பெயர்கள் பதினொன்று. நினைவு இட்ட பெயர் ஒன்று: மோதிய கப்பல். எழுபத்தேழு ஆண்டுகளில் ஓர் இரவு. அந்த இரவிலும் ஒரு பாதி. மறுபாதியில் 500-க்கு மேற்பட்டோரைக் காத்ததே, அதனால் காத்த கப்பல் என்று யாரும் சொல்லவில்லை. புகலிடம் தந்த கப்பல் என்றும் சொல்லவில்லை. செம்புலப்பெயனீரார்க்கு வாய்த்தது நற்பேறு. அவருடைய சிறந்த வரியிலிருந்து அவருக்குப் பெயர் எடுத்தோம். சிலர்க்கு அவர்தம் மோசமான நாளிலிருந்து பெயர் எடுக்கின்றோம்.

நண்பர்களே, நான் யாரைக் கருதிச் சொல்கின்றேன் என்பது முன்வரிசையில் இருப்போர்க்குத் தெரியும். நம் மூன்றாம் ஆண்டுக் கவியரங்கில் ஒருவர் எழுந்து தலைமைக் கவிஞரை மறித்து வாதிட்டார், சொல் தடித்தது, அரங்கு கலைந்தது. அவர் வெளியேறினார். அன்றுமுதல் அவர் பெயரை நாம் சொல்வதில்லை. அரங்கைக் கலைத்தவர் என்போம். சென்ற திங்கள் நானும் அப்படியே சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அன்று அவையில் நானும் இருந்தேன். தலைமைக் கவிஞர் முதலில் சொன்ன சொல் என்ன என்பதும் என் காதில் விழுந்தது. இதுநாள் வரை நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. பிழை யாருடையது என்று நாமும் தீர்ப்பு எழுதவில்லை.

முதலிரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் நமக்கெல்லாம் வந்த அஞ்சலட்டை அழைப்புகள் அவர் கையெழுத்தில் வந்தவை. அஞ்சல் செலவும் அவருடையது. ஒலிபெருக்கியை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு வந்து இறக்கியவரும் அவரே. அவருடைய முதற்கவிதை நம் கையெழுத்து இதழின் முதற்பக்கத்தில் உள்ளது.

நேற்று மாலை மலர்க்குழுவினர் காட்டிய அச்சுப்படியைப் பார்த்தேன். முதலாண்டு உறுப்பினர் பட்டியலில் 22 பெயர்கள் உள்ளன. பழைய வருகைப் பதிவேட்டை வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கின்றேன். அதில் 23 கையொப்பங்கள் இருக்கின்றன. அச்சுக்குப் போக இன்னும் ஒரு கிழமை இருப்பதாக அறிகின்றேன். விடுபட்ட பெயரை, அவர் கையொப்பமிட்ட வடிவிலேயே, அதற்குரிய இடத்தில் சேர்க்குமாறு குழுவினரைக் கேட்டுக்கொண்டு, பதிவேட்டைத் தலைவர் அவர்களிடம் ஒப்படைத்து அமர்கின்றேன்.