பூமழைத் தேதி பத்திரம்!

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு வந்து, அப்படியே நாகலூர்ப் பக்கம் போனால் வழியெல்லாம் காபித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. மார்ச், ஏப்ரல் வந்தால் காபிக்காரருக்குக் கண்ணெல்லாம் வானத்தில்தான். காபியைப் பூக்கவைக்கும் பூமழை விழுந்து பத்து நாளில் பூ. பிறகு எட்டு, ஒன்பது மாதத்தில் பழம். மழை இரண்டு வாரம் தள்ளிப்போனால், ஆள் கூப்பிடுவது, பழம் பறிப்பது, களம் தயார் செய்வது எல்லாமே தள்ளிப்போகும்.

இந்தக் கணக்கைக் கணினியில் போட்டுவைக்கத் திட்டமிடும் மென்பொருள்கள் உண்டு. ஒரு வேலையின் தேதியை நகர்த்தினால், அதை நம்பியிருக்கும் வேலைகளும் கூடவே நகரும். 2003இல் தொடங்கிய கேன்ட்புராஜெக்ட் அப்படி ஒன்று. இணையம் இல்லாமலே நம் கணினியில் ஓடும். இடி மழையில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது.

சரி, இதில் நமக்கு என்ன உரிமை?

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. ஆனாலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு நமக்கு ஒரு சலுகை தருகிறது. முறையாகப் பெற்ற மென்பொருள் தொலைந்தாலோ கெட்டாலோ உதவ, காப்பு நகல் எடுத்து வைக்கலாம். அந்த நகலைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுப்பது வேறு கதை. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால், 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கேன்ட்புராஜெக்ட் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருவது. யாருக்கும் கொடுக்கலாம், தெரிந்தவர்கள் திருத்தவும் செய்யலாம். ஆனால் அதே உரிமம் ‘எந்த உத்தரவாதமும் இல்லை’ என்றும் சொல்லிவிடுகிறது. கணக்கு தவறினால் யாரையும் கேட்க முடியாது.

இனி நம் பொறுப்பு. திட்டத்தில் மேஸ்திரி பெயர், ஆட்களின் போன் நம்பர், கூலி எல்லாம் ஏறிவிடும். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுச் சொந்த உபயோகத்துக்கு விலக்கு தருகிறது. ஆள் வைத்து நடத்தும் தொழிலுக்கு அந்த விலக்கு கிடையாது. வேலைக்குத் தேவையில்லாத ஆதார் எண்ணை எழுதவே வேண்டாம். கணினிக்குக் கடவுச்சொல் போடுங்கள்.

அடுத்தது திட்டத்தின் நகல். கணினி இருக்கும் மேசை டிராயரிலேயே நகல் உள்ள பென்டிரைவையும் வைத்தால், இடி விழுந்தாலும் திருடன் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு நகலைச் சேலத்தில் இருக்கும் பிள்ளை வீட்டில் கொடுத்து வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை திட்டத்தைக் காகிதத்திலும் அச்செடுங்கள்.

மென்பொருள் போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஐந்து வருஷமாகப் பூமழை எந்தெந்தத் தேதியில் விழுந்தது என்று நீங்கள் எழுதி வைத்தது போனால், அதை எங்கிருந்து இறக்குவது?