இடுப்பு முறிவும் வலி தணிக்கும் நரம்பு ஊசியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

படவேட்டிலும் ஆரணி வட்டாரத்திலும் முதியோர் வழுக்கி விழுந்தனர் என்னும் செய்தி நமக்குப் புதிதன்று. ஈரமான குளியலறை, ஒளுச் செய்யும் இடம், இருட்டில் இறங்கும் வாசற்படி, குழித்தறியிலிருந்து எழும் நேரம் என விழுவதற்கான வாய்ப்புகள் நம் வீடுகளிலேயே இருக்கின்றன. எலும்பு மெலிந்த வயதில் சிறு வீழ்ச்சியே தொடை எலும்பின் மேற்பகுதியை முறித்துவிடும். இதனையே இடுப்பு முறிவு என்கிறோம்.

"வயதாகிவிட்டது, ஆபரேஷனைத் தாங்கமாட்டார்" என்று படுக்கையில் கிடத்துவதும், புத்தூர் கட்டுக்கு அழைத்துச் செல்வதும் நம்மிடையே வழக்கமாக உள்ளன. கை எலும்பைப் போல இடுப்பு மூட்டை வெளியிலிருந்து கட்டி அசையாமல் நிறுத்த இயலாது. படுத்த படுக்கையானால் நுரையீரலில் சளி கட்டுதல், படுக்கைப் புண், காலில் இரத்தம் உறைதல் ஆகியவை தொடர்கின்றன. முறிவைவிட இவற்றால் உயிரிழப்போர் பலர். ஆகவே பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையே தக்க வழி. அதனையும் இயன்றவரை இரண்டு நாட்களுக்குள் செய்துகொள்வது நலம்.

அறுவை முடிந்த பின்னரும் ஒரு பெருந்தடை உண்டு. அதுவே வலி. முதுகில் போடும் மரப்பு ஊசியின் ஆற்றல் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பின்னர் முதியவர் வலிக்கு அஞ்சி எழுந்து உட்கார மறுப்பார். மார்பின் போன்ற மருந்துகளை மிகுதியாகக் கொடுத்தால் வாந்தி, மலச்சிக்கல், அரைமயக்கம், மனக்குழப்பம் நேரலாம். வேறு சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இதற்கு உதவுவதே நரம்புத் தடுப்பு ஊசி. மருத்துவமனைகளில் இதனை 'நெர்வ் பிளாக்' என்பர். மயக்க மருத்துவர் ஸ்கேன் கருவியின் துணையுடன், இடுப்பு மூட்டின் வலியை உணர்த்தும் நரம்புகளின் அருகே மரப்பு மருந்தைச் செலுத்துவார். உடல் முழுவதும் மயங்குவதில்லை. அறிவு தெளிவாக இருக்கும். தொடைமடிப்பின் தசையுறைக்கு அடியில் மருந்திடும் முறையை 1989இல் பிரான்சு நாட்டு மருத்துவர் தாலன்ஸ் குழுவினர் குழந்தைகளுக்கென விவரித்தனர். பின்னர் அது முதியோருக்கும் பயன்பட்டது. கால் தசையின் வலுவைப் பெரும்பாலும் குறைக்காத 'பெங்' முறையை 2018இல் கனடாவின் டொரோண்டோ நகர மருத்துவர்கள் வெளியிட்டனர். நம் மாநிலத்தில் கோவை கங்கா மருத்துவமனை, நரம்புத் தடுப்பு முறைகளைக் கையாள்வதிலும் பிற மருத்துவர்களுக்குப் பயிற்றுவிப்பதிலும் பெயர்பெற்றது.

இடுப்பு முறிவுக்கு இவ்வூசியின் பயனை ஆராய்ந்த 49 ஆய்வுகளை, 3,061 நோயாளிகளின் விவரங்களுடன், காக்ரேன் அமைப்பு 2020இல் தொகுத்து வெளியிட்டது. ஊசி போட்ட அரைமணி நேரத்திற்குள் அசையும்போது எழும் வலி குறைந்தது. மனக்குழப்பமும் நுரையீரல் தொற்றும் குறைந்தன. நோயாளிகள் முன்னதாகவே எழுந்து நடமாடினர்.

இவ்வூசியிலும் கவனம் தேவை. மருந்தின் அளவு மிகுந்தால் வலிப்பும் இதயத் துடிப்பில் கோளாறும் நேரலாம். எனவே பயிற்சி பெற்றவரே, உரிய கண்காணிப்புடன் போடவேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதனை முன்கூட்டியே கூறவேண்டும். கால் தற்காலிகமாக வலுவிழக்கலாம் என்பதால் துணையின்றி எழுந்து நிற்கக் கூடாது. ஒருமுறை போட்ட ஊசி சில மணி நேரமே பயன் தரும். தேவைப்படின் மெல்லிய குழாய் வைத்துத் தொடர்ந்து மருந்து செலுத்துவர்.

நம் வீட்டுப் பெரியவர் விழுந்து எழ இயலாவிடில், காலை இழுத்துப் பார்க்காமலும் எண்ணெய் தேய்க்காமலும் 108 ஊர்தியை அழைப்போம். ஆரணியாயினும் வேலூராயினும் திருவண்ணாமலையாயினும், சேரும் மருத்துவமனையில் மூன்று கேள்விகளைப் பணிவுடன் கேட்போம். அறுவை எப்போது? அதற்கு முன்னும் பின்னும் நரம்புத் தடுப்பு ஊசி போட இயலுமா? எந்நாளில் எழுந்து நடக்க வைப்பீர்கள்? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் உடன் கொண்டு சென்று, செலவு அதில் அடங்குமா எனக் கேட்டறிவோம்.

நம் பெரியவர்கள் வலியை வாய்விட்டுச் சொல்லாதவர்கள். தறியிலும் வயலிலும் பொறுத்துப் பழகியவர்கள். மருத்துவமனையிலும் "ஒன்றுமில்லை" என்றே கூறுவர். அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகளாகிய நாமே. இச்செய்தியை இன்று வராதவர்களின் வீடுகளுக்கும் கொண்டு சேர்க்குமாறு அன்புடன் வேண்டி நிறைவு செய்கிறோம்.