மருந்து ஈதலும் கொல்லாமையே
(மகாவீரர் திருப்பிறப்பு விழாவில் ஆற்றிய உரை)



உணவு, அடைக்கலம், மருந்து, நூல் என நால்வகைத் தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என மருந்தின் பெயர்களையே தம் அறநூல்களுக்கு இட்டவர்கள் நம் சமணப் புலவர்கள். அவ்வழி வந்த நாம், நம் சமயத்தைச் சாராத ஒருவரின் தொண்டை இன்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. அவர்தாம் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றக் காரணமாயிருந்த ஹென்றி டுனாண்ட்.

1828ஆம் ஆண்டு ஜெனீவாவில் பிறந்த டுனாண்ட் மருத்துவர் அல்லர்; வணிகர். அல்ஜீரியாவில் தாம் தொடங்கிய தொழிலுக்காகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் காண வட இத்தாலிக்குச் சென்றார். 1859 ஜூன் 24 அன்று சோல்ஃபெரினோவில் பிரெஞ்சு, சார்டினியப் படைகள் ஒருபுறமும் ஆஸ்திரியப் படை மறுபுறமுமாகப் போரிட்டன. ஏறத்தாழ 40,000 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர்.

அருகிலிருந்த காஸ்திலியோனே என்னும் சிற்றூரின் தேவாலயங்களிலும் வீடுகளிலும் தெருக்களிலும் காயமுற்றோர் கிடத்தப்பட்டனர். மருத்துவர் மிகச் சிலரே. வந்த வேலையை மறந்து டுனாண்ட் அங்கேயே தங்கினார். சிறுவர்களைக் கொண்டு தண்ணீர் கொணர்வித்தார். தம் வண்டியோட்டியைப் பிரெஷியா நகருக்கு அனுப்பி எலுமிச்சை, சர்க்கரை, சட்டைகள், கட்டுத்துணி ஆகியவற்றை வாங்கிவரச் செய்தார். உயிர் பிரியும் தறுவாயில் இருந்தோரின் இறுதிச் சொற்களைக் கேட்டு அவர்தம் குடும்பத்தார்க்கு எழுதினார். அவ்வூர்ப் பெண்கள் நண்பன், பகைவன் என்று பாராமல் அனைவர்க்கும் ஒன்றுபோல் பணிவிடை செய்தனர்.

இத்தகைய இரக்கம் பலர்க்கும் தோன்றலாம். அந்த இரக்கத்தை நிலைத்த நெறியாக்க முயன்றதே டுனாண்டின் சிறப்பு. 1862இல் தாம் கண்டவற்றை நூலாக எழுதித் தம் செலவில் அச்சிட்டார். அமைதிக் காலத்திலேயே தொண்டர்களைப் பயிற்றி வைத்தல் வேண்டும்; காயமுற்றோரையும் அவர்க்குப் பணிபுரிவோரையும் காக்க நாடுகள் உடன்படுதல் வேண்டும் என அதில் வலியுறுத்தினார். 1863இல் ஐவர் குழு அமைந்தது. 1864 ஆகஸ்டு 22 அன்று 12 நாடுகள் முதல் ஜெனீவா உடன்படிக்கையை ஏற்றன. எந்நாட்டு வீரராயினும் காயமுற்றவர்க்குச் சிகிச்சை உண்டு என்பது அன்றுமுதல் நாடுகளின் சட்டமாயிற்று.

அவர் குறையற்றவர் என்று நான் கூறவில்லை. 1867இல் அவரது தொழில் நொடித்தது. அவரை நம்பிய பலர் பொருளிழந்தனர். குழுவிலிருந்து விலக்கப்பட்டு வறுமையில் அலைந்தார். தம் இறுதி 18 ஆண்டுகளை ஹைடன் என்னும் ஊரின் மருத்துவ இல்லத்தில் கழித்தார். 1901இல் முதலாவது அமைதி நோபல் பரிசு அவர்க்கும் ஃபிரெடரிக் பாஸிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசுப் பணத்தை அவர் தமக்கெனச் செலவிடவில்லை. 1910இல் மறையும்போது, ஹைடன் ஊர் ஏழைகளுக்காக அந்த இல்லத்தில் கட்டணமில்லாப் படுக்கை ஒன்றுக்கு வழிசெய்திருந்தார். மிகுபொருள் விரும்பாமை என்று நாம் போற்றும் நோன்பு இதிலும் விளங்கக் காண்கிறோம்.

பெரியோர்களே, நாம் நீரை வடிகட்டிப் பருகுகிறோம். கதிரவன் மறையுமுன் உண்கிறோம். இவை நம் பெருமைகள். ஆயினும் கொல்லாமை என்பது தீங்கு செய்யாதிருத்தலோடு நின்றுவிடுமா? நோயுற்ற துறவியர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தனர் நம் ஆசாரியர்கள். தியானம் இடம்பெற்ற அதே வரிசையில் நோயாளிக்குச் செய்யும் பணிவிடையும் இடம்பெற்றிருக்கிறது! நம்முள் எத்தனை பேர் உறவினர் அல்லாத ஒரு நோயாளியின் கட்டிலருகே ஓரிரவு விழித்திருந்தோம்? இவ்வினாவை முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இளைஞர்களே, முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். குருதிக்கொடை அளியுங்கள். செவிலியர் பணியைத் தேர்ந்தெடுக்கும் நம் பெண்மக்களைப் பெருமையுடன் வாழ்த்துங்கள். துன்புறுபவர் யார் என்று கேளாமல் அவர்க்கு என்ன தேவை என்று கேட்பதே ஔடத தானத்தின் தொடக்கம்.

அறம் வளர்க! அருள் பெருகுக! ஜெய் ஜினேந்திரா!